மூன்று டியூப் புரொஜெக்டரில் இருட்டை ஒழுங்கு செய்வது

சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று படக்குழாய்களின் ஒளியைத் திரையில் ஒன்றுசேர்க்கும் சிஆர்டி புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு கன்வர்ஜென்ஸில் (மூன்று நிறப் படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துவது) தொடங்கிக் காமாவில் (சிக்னல் ஏற ஏற வெளிச்சம் எப்படி ஏறுகிறது என்ற வளைவு) வந்து நிற்கும். "இருட்டுக் காட்சியில் ஒன்றுமே தெரியல, காமாவை மாத்தணும்" என்பார் ஒருவர். "எனக்குக் கருப்பு சாம்பலா இருக்கு, நானும் காமாவைத்தான் மாத்தணும்" என்பார் மற்றவர். எட்டங்குல டியூப் கொண்ட பழைய மெஷின் ஒன்றைப் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். நண்பர்களின் மெஷின்களையும் திறந்து பார்த்திருக்கிறேன். இப்படி வரும் புகார்களில் பெரும்பாலானவை காமாவைப் பற்றியவையே அல்ல. டியூப் எந்த இடத்தில் அணைகிறது என்பதைப் பற்றியவை.

டியூப்புக்குள் எலக்ட்ரான் கற்றையை, அதாவது பீமை, விடும் எலக்ட்ரான் கன்னின் சுபாவத்தைப் பார்த்தால் இது புரியும். எலக்ட்ரானை வெளிவிடும் கேத்தோடுக்கும் அதைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்கும் இடையிலான வோல்டேஜ் ஓர் எல்லையைத் தாண்டும்வரை டியூப்பிலிருந்து ஒளி வராது. அந்த எல்லைதான் கட்-ஆஃப். அதைத் தாண்டியபின் பீம் கரன்ட் சிக்னலுக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, ஏறத்தாழ 2.4, 2.5 அடுக்கில் ஏறுகிறது. தொலைக்காட்சித் துறை முழுதும் இந்த வளைவை நம்பித்தான் வளர்ந்தது. 2011இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு பிடி.1886 என்ற பரிந்துரையை வெளியிட்டபோது 2.4 என்ற எண்ணை எடுத்ததும் பழைய சிஆர்டி மானிட்டர்களின் நடத்தையை ஒட்டித்தான். கருப்பு முழுப் பூஜ்யமாக இருந்தால் அந்தச் சூத்திரம் சுத்தமான 2.4 அடுக்காகவே சுருங்கிவிடும். ஆக நம் மெஷினுக்கு வளைவு பிறவியிலேயே அமைந்திருக்கிறது. அந்த வளைவு தொடங்கும் இடத்தை எங்கே வைக்கிறோம் என்பது மட்டும் நம் கையில்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அடுக்கு 2.5 என்றால், 10 சதவீத சிக்னலுக்கு முழு வெளிச்சத்தில் 0.32 சதவீதம்தான் திரையில் விழும். இப்போது பிரைட்னஸை சிக்னல் அளவில் 2 சதவீதம் மட்டும் இறக்குங்கள். 10 என்பது 8 ஆகிறது, ஒளி 0.18 சதவீதத்துக்குச் சரிகிறது. நிழலில் இருந்த வெளிச்சத்தில் கிட்டத்தட்டப் பாதி காலி. அதே 2 சதவீத இறக்கம் 50 சதவீத சிக்னலில் பத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் குறைக்கும். 90 சதவீதத்தில் ஐந்தரை சதவீதம், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இந்த நிலையில் மீட்டரை வைத்தால் 10 சதவீதப் புள்ளியில் காமா 2.7 என்றும், 50 சதவீதத்தில் 2.6க்குச் சற்றுக் கீழே என்றும் காட்டும். பார்ப்பவர் "காமா அதிகம்" என்று முடிவுகட்டி ஸ்கேலரில் (மெஷினுக்கு முன்னால் சிக்னலை மாற்றித் தரும் பெட்டி) வளைவைத் தூக்குவார். நடுப்பகுதி வெளுத்துப்போகும், நிழல் அப்போதும் சேறாகவே இருக்கும்.

இதில் இன்னொரு வினை இருக்கிறது. நம்மிடம் இருப்பது ஒரு டியூப் அல்ல, மூன்று. பச்சை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் அணைந்தால் இருட்டுக் காட்சிகள் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாகும். பச்சை தாமதமாக அணைந்தால் இரவு வானம் பாசி பிடித்த மாதிரி இருக்கும். வெள்ளை நிறம் இரண்டு நிலையிலும் கச்சிதமாகவே தெரியும் என்பதால் பலர் கலர் டெம்பரேச்சரில் போய்த் தேடுவார்கள்.

மெஷினைத் தொடும் முன் அதற்குள் என்ன போகிறது என்று பார்த்துவிடுவது என் வழக்கம். இன்றைக்கு எல்லா பிளேயரும் எச்டிஎம்ஐதான். நம் மெஷினுக்கு அனலாக் ஆர்ஜிபி வேண்டும். இடையே ஒரு கன்வர்ட்டரோ ஸ்கேலரோ உட்கார்ந்திருக்கும். வீடியோவில் கருப்பு 16, வெள்ளை 235. கம்ப்யூட்டர் கணக்கில் 0 முதல் 255 வரை. ஒரு கருவி ஒரு கணக்கிலும் அடுத்தது வேறு கணக்கிலும் இருந்தால் கருப்பு தூக்கப்பட்டுச் சாம்பலாகும், அல்லது நிழல் மொத்தமாக வெட்டுப்படும். இதை புரொஜெக்டரின் பிரைட்னஸில் ஈடுகட்டப் பார்ப்பது வீண். தூக்கப்பட்ட கருப்பை ஓரளவு இறக்கலாம். வெட்டுப்பட்டுப்போன விவரத்தை எந்தக் குமிழும் திரும்பக் கொண்டுவராது.

கேபிளும் முக்கியம். ஒரு நண்பர் வீட்டில் படம் காரணமில்லாமல் மங்கிப் போயிருந்தது. டியூப் தேய்ந்துவிட்டது என்றே நினைத்திருந்தார். சிக்னல் ஒரு டி-கனெக்டர் வழியாக மானிட்டருக்கும் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. இரு முனையிலும் 75 ஓம் டெர்மினேஷன் (கேபிள் முடியும் இடத்தில் போடும் மின்தடை). 0.7 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் வந்தது. வோல்டேஜில் மூன்றில் ஒன்று குறைந்தால், 2.5 அடுக்குக்குப் பிறகு ஒளி மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். மானிட்டர் கேபிளைப் பிடுங்கினோம், டியூப் இளமையாகிவிட்டது. அதேபோல, கருப்பில் மட்டும் பச்சை நெடி அடித்தால் படத்தின் வரிகளை ஒழுங்கில் வைக்கும் சின்க் சிக்னல் பச்சை ஒயரிலேயே ஏறி வருகிறதா என்றும் பாருங்கள். கருப்பு மட்டத்தைப் பிடித்து வைக்கும் சுற்றான மெஷினின் கிளாம்ப், சின்க் துடிப்பையே கருப்பு என்று எடுத்துக்கொண்டால் பச்சை மட்டும் தூக்கிக்கொள்ளும். எச், வி (கிடைமட்ட, செங்குத்து) சின்க் இரண்டையும் தனி ஒயரில் கொடுத்தால் அந்தத் தொல்லை போய்விடும்.

முன்வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெஷின் ஒரு மணி நேரமாவது படம் ஓட்டிச் சூடாகியிருக்க வேண்டும். குளிர்ந்த டியூப்பில் பிடித்த கருப்பு இடைவேளைக்குள் நகர்ந்துவிடும். லென்ஸில் தூசி கூடாது. ஃபோகஸ், கன்வர்ஜென்ஸ் வேலை முடிந்திருக்க வேண்டும். நீங்கள் எந்த ரெசொலூஷனில், எந்த ரெஃப்ரெஷ் வேகத்தில் படம் பார்க்கிறீர்களோ அதிலேயே செட் செய்யுங்கள். பல மெஷின்கள் ஸ்கேன் வேகத்துக்கு ஒன்றாக மெமரியில் வைத்துக்கொள்ளும். டெஸ்ட் பேட்டர்னை அப்படியே விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போகாதீர்கள். அசையாத வெள்ளைக் கட்டம் டியூப் முகத்தில் ஒளிரும் பூச்சான பாஸ்பரில் தழும்பாகிவிடும்.

இப்போது ஜி2. என் அனுபவத்தில் பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது, பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான். ஜி2 என்பது கன்னின் ஸ்கிரீன் கிரிட்டுக்குப் போகும் சில நூறு வோல்ட். அந்த டியூப் எந்த இடத்தில் அணைய வேண்டும் என்பதை அதுதான் கரடுமுரடாகத் தீர்மானிக்கிறது. மெனுவில் இருக்கும் பயாஸ் அதன் மேல் செய்யும் நுண்திருத்தம். அடித்தளம் கோணலாக இருந்தால் பயாஸ் முழுதும் ஒரு முனைக்குப் போய் முட்டி நிற்கும். அதுவே அடையாளம்: ஒரு நிறத்தின் பயாஸ் எண் மற்ற இரண்டிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தால் ஜி2வைச் சந்தேகியுங்கள். ஜி2 மிகவும் ஏறியிருந்தால் கருப்புத் திரையில் ராஸ்டர் (பீம் வரைந்துபோகும் வரிக்கட்டம்) பளிச்சென்று தெரியும், சில சமயம் ரிட்ரேஸ் கோடுகள் (பீம் திரும்பி வரும் தடம்) சாய்வாக ஓடும். மிகவும் இறங்கியிருந்தால் நிழல்கள் மொத்தமாக மூழ்கிவிடும்.

எச்சரிக்கை ஒன்று. சில மாடல்களில் ஜி2 மெனுவிலேயே இருக்கிறது, சிலவற்றில் மூடியைத் திறந்து திருகால் திருப்ப வேண்டும். உள்ளே ஆனோடு வோல்டேஜ் 30,000 வோல்ட்டைத் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னேற்றம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் தெரிந்த டெக்னீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஒற்றைக் கை, இன்சுலேட் செய்த திருகுளி, பேச்சுத்துணைக்கு ஒருவர் என்பது என் விதி.

உங்கள் மெஷினின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் முறை வேறாக இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். பொதுவான வழி இதுதான்: பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், பயாஸ் எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டு முழுக் கருப்பு சிக்னல் கொடுக்க வேண்டும். ஒரு டியூப்பை மட்டும் இயக்கி, ராஸ்டர் மெல்லத் தெரியும்வரை ஜி2வை ஏற்றி, அது மறையும் இடத்துக்குத் திரும்ப இறக்க வேண்டும். திரையைப் பார்த்துச் செய்யாமல் லென்ஸுக்குள் பார்த்துச் செய்யுங்கள். கருப்பு சிக்னலில் கண் கூசாது, டியூப் முகத்தில் ராஸ்டர் திரையில் தெரிவதைவிடப் பல மடங்கு தெளிவாகத் தெரியும்.

நீலத்தில் மட்டும் கூடுதல் பொறுமை வேண்டும். வெள்ளையின் ஒளிர்வில் பச்சையின் பங்கு சுமார் 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் வெறும் 7. அதனால் பச்சை ராஸ்டர் கொஞ்சம் மீந்தாலும் உடனே கண்ணில் படும். நீலம் மீந்திருப்பது தெரியாது. நான் பார்த்த மெஷின்களில் நீல ஜி2 தேவைக்கு மேல் ஏறி நிற்பது சகஜம். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்த பிறகு நீலத்தைத் தொடுங்கள். ஃபோனை எடுத்துப் பார்த்தால் கண் பழகியதெல்லாம் வீண்.

ஜி2 அமர்ந்த பிறகு கிரேஸ்கேல், அதாவது கருப்பிலிருந்து வெள்ளைவரை சாம்பலில் நிறச்சாயல் இல்லாமல் செய்வது. இலக்கு டி65 என்ற வெள்ளை, அதன் நிற எண்கள் எக்ஸ் 0.313, ஒய் 0.329. 20 அல்லது 30 சதவீதச் சாம்பலில் பயாஸ், 80 சதவீதத்தில் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு). பயாஸை நகர்த்தினால் மேலேயும் மாறும், கெயினை நகர்த்தினால் கீழேயும் மாறும்; ஆகவே மாறிமாறிப் போய்வர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் திருத்தம் சிறுத்துக்கொண்டே வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். சிறுக்காமல் அலைந்தால் நிறுத்திவிட்டு ஜி2வுக்குத் திரும்புங்கள். பச்சையைத் தொடாமல் சிவப்பையும் நீலத்தையும் மட்டும் நகர்த்துவது வேலையைப் பாதியாக்கும். பச்சைதான் ஒளிர்வைத் தூக்கிப் பிடிக்கிறது. அதை ஆட்டினால் காமாவும் கூடவே ஆடும்.

இந்த இடத்தில் நீல டியூப் தன் குணத்தைக் காட்டும். நீல பாஸ்பர் அதிகக் கரன்ட்டில் திணறிவிடும். பீமை இன்னும் ஏற்றினாலும் ஒளி அதற்கேற்ப ஏறாது. சிவப்பும் பச்சையும் தம் வளைவில் போய்க்கொண்டிருக்க, நீலம் மட்டும் மேல் முனையில் வளைந்து சரியும். 80 சதவீதத்தில் வெள்ளையைச் சரியாக்கினால் 40, 50 சதவீதத்தில் படம் நீலம் பூத்திருக்கும். நடுவைச் சரியாக்கினால் உச்சி வெள்ளை மஞ்சளாகும். நீலத்தின் ஃபோகஸை வேண்டுமென்றே இம்மியளவு தளர்த்துவது பழைய வழி. புள்ளி கொஞ்சம் விரியும், ஒரே இடத்தில் கரன்ட் குவிவது குறையும், பாஸ்பர் இன்னும் கொஞ்ச தூரம் ஒத்துழைக்கும். நீலத்தின் கூர்மைக்கு நம் கண் அவ்வளவாக மதிப்புக் கொடுப்பதில்லை என்பதால் படம் கெட்டதாகத் தோன்றாது. சில மெஷின்களில் நீலத்துக்கென்றே காமா திருத்தம் இருக்கிறது. இருந்தால் அதை முதலில் பயன்படுத்துங்கள். அதுவும் தீர்க்காத மிச்சத்துக்கு, நடுவைச் சரியாக வைத்துவிட்டு உச்சியை விட்டுக்கொடுப்பேன். சினிமாவில் முகங்கள், அறைகள், இரவுகள் எல்லாம் பாதி சிக்னலுக்குக் கீழேதான் வாழ்கின்றன. சூரியன் கொஞ்சம் மஞ்சளாக இருந்தால் யார் வழக்குப் போடப்போகிறார்கள்?

கான்ட்ராஸ்ட்டை எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கும் பதில் இதில் பாதி இருக்கிறது. நீலம் சரியத் தொடங்கும் இடமும், வெள்ளை எழுத்துகளின் விளிம்பு பூக்கத் தொடங்கும் இடமும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் வரும். அதற்குச் சற்று முன்பே நின்றுவிடுங்கள். திரையில் 10 ஃபுட்-லாம்பர்ட், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 34 கேண்டெலா கிடைத்தால் இருட்டறையில் தாராளம். திரையரங்கின் இலக்கே 14 ஃபுட்-லாம்பர்ட்தான். போதவில்லை என்றால் கான்ட்ராஸ்ட்டைத் திருகுவதற்குப் பதில் மெஷினைத் திரைக்குப் பக்கத்தில் நகர்த்திப் படத்தைச் சிறிதாக்கிப் பாருங்கள். அகலத்தில் பத்து சதவீதம் குறைத்தால் ஒளிர்வு கால்வாசிக்குப் பக்கத்தில் ஏறும். டியூப்பும் நீண்ட நாள் வாழும்.

பிறகுதான் பிரைட்னஸ். ப்ளூஜ் பேட்டர்னில் கருப்புக்குச் சற்றுக் கீழே ஒரு பட்டை, சற்று மேலே ஒன்றிரண்டு பட்டைகள் இருக்கும். கீழ்ப்பட்டை தெரியும்வரை ஏற்றி, அது மறைந்து மேல்பட்டை மட்டும் மங்கலாக நிற்கும்வரை இறக்க வேண்டும். சில பிளேயர்கள் கருப்புக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடும். அப்போது மேல்பட்டையை மட்டும் நம்பிச் செய்யலாம். ஆனால் வேலை இத்தோடு முடிவதில்லை. பட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளைக் கட்டம் தோன்றி மறையும் பேட்டர்ன் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வெள்ளை வரும்போது கருப்பு மட்டம் மேலேறுகிறதா, கீழே மூழ்குகிறதா? சிதறிய ஒளியால் கொஞ்சம் மங்கலாவது இயல்பு. மேல்பட்டை மறைந்தே போனாலோ, வெள்ளை போன பிறகு கருப்பு மெதுவாகத் திரும்பி வந்தாலோ, மெஷின் கருப்பைப் பிடித்து நிற்கவில்லை என்று பொருள். கிளாம்ப் சுற்றோ பவர் சப்ளையோ சோர்ந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் செய்யும் காமா வேலை எதுவும் நிற்காது. காட்சிக்குக் காட்சி வளைவின் தொடக்கமே நகர்ந்துகொண்டிருக்கும்.

இவ்வளவும் ஆன பிறகு காமாவை அளக்கலாம். முழுத்திரைப் பேட்டர்ன் வேண்டாம். முழு வெள்ளை வந்தால் பீம் கரன்ட் லிமிட்டர் குறுக்கிட்டு ஒளியைக் குறைக்கும். உச்சி வெள்ளை தாழ்ந்துவிடுவதால் மற்ற புள்ளிகள் எல்லாம் அதோடு ஒப்பிடும்போது உயர்ந்து, காமா 2 என்றெல்லாம் பொய் சொல்லும். திரையின் பரப்பில் பத்து, பதினைந்து சதவீதமே உள்ள சின்னக் கட்டத்தில் அளங்கள். இருண்ட முனையில் மீட்டரையும் அளவோடுதான் நம்ப வேண்டும். வெள்ளை 34 கேண்டெலா என்றால் 10 சதவீதச் சாம்பல் 0.1 கேண்டெலா சொச்சம். பல கலரிமீட்டர்கள் அங்கே கற்பனை செய்யத் தொடங்கிவிடும். மீட்டரைத் திரையைப் பார்க்க வைக்காமல் லென்ஸைப் பார்க்கத் திருப்பி, டிஃப்யூஸரைப் போட்டு அளந்தால் நிறைய ஒளி கிடைக்கும். திரையின் சொந்த நிறச்சாயல் மட்டும் அதில் வராது. சிஆர்டியின் ஒளி துடித்துத் துடித்து வருவது. ரெஃப்ரெஷ் வேகத்தோடு ஒத்திசைந்து பல ஃபிரேம்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கும் மோடு இருந்தால் அதைப் போடுங்கள். எச்சிஎஃப்ஆர் போன்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். 20 சதவீதத்துக்குக் கீழே நான் பேட்டர்னையும் கண்ணையும் நம்புகிறேன், மீட்டரை அல்ல.

அளவில் 2.3 முதல் 2.5 வரை வந்து, மூன்று நிறமும் ஒன்றாக நடந்தால் கையை எடுத்துவிடுங்கள். அறை முழு இருட்டு, சுவர்கள் கறுப்பு என்றால் 2.4 எனக்குப் பிடிக்கும். வெளிர் சுவர் உள்ள அறையில் திரையிலிருந்து தெறிக்கும் ஒளி நிழல்களைக் கழுவிவிடும், அங்கே 2.2 பக்கம் போவது உதவும். அதற்கு மட்டும் ஸ்கேலரிலோ கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் கார்டிலோ உள்ள காமா அட்டவணையைத் தொடலாம். கீழ் 5, 10 சதவீதத்தை மட்டும் லேசாகத் தூக்குவது முழு வளைவையும் வளைப்பதைவிட நன்றாக இருக்கும். 8 பிட் சங்கிலியில் (நிறத்துக்கு 256 படிகள்தான்) ரொம்பத் தூக்கினால் புகையும் மூட்டமும் படிப்படியாகக் கோடு விழுந்து தெரியும். தூக்கியது அதிகம் என்பதற்கு அதுவே அறிகுறி.

மெஷின் சில மாதங்கள் ஓடிய பிறகு முழுச் சடங்கும் தேவைப்படாது. சூடான பிறகு ஒரு முழுக் கருப்புத் திரை, ஒரு 20 சதவீதச் சாம்பல். கருப்பில் எந்த நிறமும் மீறாமல், சாம்பலில் எந்தச் சாயலும் இல்லாமல் இருந்தால் சினிமாவைப் போட்டுவிடலாம். சாயல் தெரிந்தால் பெரும்பாலும் பயாஸில் ஓரிரு எண் நகர்த்துவதோடு போய்விடும். எல்லா எண்களையும், அன்றைக்கு டியூப் ஓடியிருந்த மணிக்கணக்கையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி மெஷின் மூடிக்குள்ளேயே ஒட்டி வைத்திருக்கிறேன். போர்டு மாற்ற வேண்டி வந்தால் மெமரியோடு எல்லாம் போய்விடும். அடுத்த முறை எந்த நிறத்தின் பயாஸ் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதும் அந்தத் தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.